வச்சிரம் போய்ச் சேர்ந்த வீடுகள்

பரம்வீர் சக்ரா, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீரப் பதக்கம், மிகச் சிறியது. வெண்கலம். குறுக்களவு ஒன்றரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி நாலு வச்சிராயுதம். பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதக்கத்தின் பெயர், இரண்டுக்கும் இடையில் இரு தாமரைப்பூ. ஊதா நாடா. எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. விடுதலைக்குப் பிறகு இதுவரை 21 பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் 14 பேர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஆக, இது பெரும்பாலும் வீரனின் நெஞ்சில் தொங்கிய பொருள் இல்லை. அவன் வீட்டுக்குப் போன பொருள். ஓர் அப்பாவின் கைக்கு, ஓர் அம்மாவின் கைக்கு, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு மனைவியின் கைக்கு. அது போன வழியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் சுவிட்சர்லாந்தில் தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கடைசியில் அந்தமானில் போய் நிற்கிறோம். அந்தமான் தலைநகரின் டெலானிபூர்ப் பகுதியிலிருந்து வடக்கே போகும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி கடல் வழியிலேயே இருக்கிறது.

பதக்கத்தை வரைந்தவர் இந்தியாவில் பிறந்தவர் அல்லர். 1913இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலில் பிறந்த ஈவ் இவோன் மாடே த மாரோஸ். அப்பா ஹங்கேரியர், சமூகவியல் பேராசிரியர், அம்மா ரஷ்யர். 1929இல், பதினாறு வயதில், பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த விக்ரம் கனோல்கர் என்ற மராத்தி இளைஞரைச் சந்தித்தார். வீட்டார் தடுத்தும் கேட்காமல் அவரைத் தேடி இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1932இல் லக்னோவில் கல்யாணம். அன்றிலிருந்து அவர் சாவித்திரி கனோல்கர். இராணுவ அதிகாரியின் மனைவியாக முகாம் முகாமாகப் போனவர், போன இடத்திலெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். மராத்தி, இந்தி, சம்ஸ்கிருதம், புராணம், ஓவியம், நடனம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத கதைகளெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன.

பிரிட்டிஷ் ராஜாவின் பெயரில் கொடுத்த விக்டோரியா சிலுவைக்குப் பதிலாகப் புது நாட்டுக்குப் புதுப் பதக்கம் வேண்டும் என்றானபோது, அந்த வேலை மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடலிடம் வந்தது. அவர் சாவித்திரியைக் கேட்டார். சாவித்திரி எடுத்தது ததீசி முனிவர் கதையை. விருத்திராசுரனை வெல்ல வேறு எந்த ஆயுதமும் உதவாது என்று தேவர்கள் வந்து நின்றபோது, தன் உயிரை விட்டு முதுகெலும்பைக் கொடுத்தவர் ததீசி. அந்த எலும்பில் செய்ததுதான் வச்சிரம். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கலக்கமான தேர்வு. வெற்றி பெற்ற இந்திரனை அவர் வரையவில்லை. எலும்பைக் கொடுத்தவரின் பக்கமிருந்து வரைந்தார். 14 பேர் திரும்பி வராத பதக்கத்துக்கு இதைவிடப் பொருந்தும் சின்னம் வேறு எதுவாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1950 ஜனவரி 26 அன்று பதக்கம் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். முதல் பெயர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பட்காம். ஹாக்கி ஆடி முறிந்த இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடு துப்பாக்கிக்காரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டு வெடித்து இறந்தார். மூன்று நாள் கழித்துக் கிடைத்த உடலை அடையாளம் காட்டியவை கைத்துப்பாக்கியின் தோல் உறையும், சட்டைப்பையில் இருந்த பகவத் கீதையின் சில தாள்களும். அவருடைய தம்பி சுரீந்திர நாத் சர்மா கல்யாணம் செய்துகொண்டது சாவித்திரியின் மூத்த மகளை. வரைந்தவரின் சம்பந்தி வீட்டுக்கே முதல் பதக்கம் போய்ச் சேர்ந்தது. கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

அதற்குப் பிறகு அது எங்கெங்கோ போனது. உத்தரப் பிரதேசத்தின் தாமூபூர் கிராமத்து ரசூலன் பீவி, 1966 ஜனவரி 26 அன்று தலைநகரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையிலிருந்து அதை வாங்கினார். முந்தைய செப்டம்பரில் கேம்கரன் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தான் டாங்குகளை நிறுத்திய அப்துல் ஹமீதின் மனைவி அவர். சில வீடுகளுக்கு உடல் போகவே இல்லை. விமானப் படையில் இந்தப் பதக்கம் பெற்ற ஒரே ஒருவர் நிர்மல்ஜித் சிங் செகான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே தனியாகப் போரிட்டு விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. அதே போரில் கங்காசாகரில் இறந்த ஆல்பர்ட் எக்கா சொந்த ஊருக்குத் திரும்பாமல் அகர்தலாவுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டார். 1962இல் சீனர்களிடம் சிறைப்பட்டு இறந்த சுபேதார் ஜோகிந்தர் சிங் சாம்பலாகத்தான் வந்தார், அதுவும் அடுத்த ஆண்டு மே மாதம். இப்படிப்பட்ட வீடுகளில் பதக்கம் உடல் வர வேண்டிய இடத்துக்கு வந்த பொருள்.

ஒரு வீட்டில் இது தலைகீழாகவும் நடந்தது. பாங்காங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல் நிலையை 1962 அக்டோபரில் காத்த மேஜர் தன் சிங் தாபா இறந்துவிட்டதாக எண்ணி, மறைவுக்குப் பிந்தைய விருதாக அறிவித்துவிட்டார்கள். வீட்டில் காரியமும் முடிந்தது. அவரோ சீனச் சிறையில் இருந்தார். 1963 மே மாதம் உயிரோடு திரும்பினார். விதவைக் கோலத்தில் இருந்த மனைவியைச் சடங்கு செய்து மறுபடி மணந்துகொள்ள வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். கார்கில் போரிலும் ஏறக்குறைய இதே கதை: இறந்தவர் அதே பெயருள்ள வேறொரு வீரர், யோகேந்திர சிங் யாதவ் பல குண்டுகள் தைத்த உடம்போடு மருத்துவமனையில் படுத்திருந்தார்.

பதக்கத்தோடு மாதாமாதம் ஒரு தொகையும் வரும். 2017இல் அதை 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு மாற்றமும் வந்தது. செய்தித்தாள்களில் ஓரமாக வந்து போன செய்தி. அதுவரை, வீர விருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால் அந்தத் தொகை நின்றுவிடும். ஒரே ஒரு விலக்கு: இறந்தவரின் சகோதரனையே மணந்தால் தொடரும். வீரனின் மனைவியை மட்டுமல்ல, அவளுக்கு வரும் பணத்தையும் அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய விதி. ஒரு பெண் வரைந்த பதக்கத்துக்கு எழுபது ஆண்டு நெருங்கும்வரை இப்படியொரு ஒட்டு இருந்தது. நீக்கியதற்காகப் பாராட்டுவதைவிட, அத்தனை காலம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இப்போது நம் ஆளுக்கு வருவோம்.

ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். அந்தக் காலத்துப் பம்பாய்த் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் போல தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்தார். 1963இல் பள்ளியிறுதி, 1968இல் அதே சங்கத்தின் கல்லூரியில் அறிவியல் பட்டம். 1971இல் சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16 அன்று மஹார் ரெஜிமெண்டில் அதிகாரியானார். பரங்கிமலைப் பக்கம் போகிற சென்னைக்காரர்களுக்கு அந்தப் பயிற்சி நிலையத்தின் மதிலாவது தெரிந்திருக்கும். மஹார் ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், அம்பேத்கர் பலமாகக் குரல் கொடுத்ததன் பின்னணியில் எழுந்தது. ஒதுக்கப்பட்ட சாதியின் பெயரைத் தாங்கிய படைக்கு இந்தப் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தவர் ஒரு தமிழர். மிசோரம், திரிபுரா என்று வடகிழக்கில் நீண்ட காலம் இருந்தார். கூட இருந்தவர்கள் அவரை ‘பாரி சாகிப்’ என்று கூப்பிட்டார்கள்.

1987 ஜூலை 29 அன்று இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்தியப் படை பலாலியில் இறங்கத் தொடங்கியது. முதலில் போன படைப்பிரிவுகளில் 8 மஹாரும் ஒன்று. வரவேற்று மாலை போட்டவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் அதே படை விடுதலைப் புலிகளோடு முழுப்போரில் இருந்தது. அந்த மாதம் 21ஆம் தேதி, தீபாவளி அன்று, இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். மறுநாள்வரை நீடித்த அந்தக் கொலையில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைத் தாண்டிக்கொண்டு பரமேஸ்வரன் கதையைச் சொல்ல நம்மால் முடியாது. சொன்னால் அது இராணுவ மலருக்கு எழுதிய கட்டுரை ஆகிவிடும்.

நவம்பர் 25. கந்தரோடைப் பக்கம் ஆயுதம் தேடிப் போய்விட்டுப் பின்னிரவில் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணியைப் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை, சுற்றி வளைத்துத் தாக்கியவர்களின் பின்பக்கமாகப் போய் நேருக்கு நேர் மோதினார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார் பரமேஸ்வரன். விழுந்த பிறகும் கட்டளை இட்டுக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. எதிர்த் தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் ஏவிகளும் பிடிபட்டன. அவருக்கு வயது 41.

விருதுக் குறிப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. அவன் அவரைச் சுட்டதும் அவர் அவனைச் சுட்டதும் கை எட்டும் தூரத்தில். இரண்டு பேருக்கும் வீட்டில் பேசும் மொழி ஒன்று. மஹார் வீரர்களுக்கு அவர் கடைசிக் கட்டளைகளை இந்தியில்தான் சொல்லியிருப்பார். எதிரே நின்றவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டது அவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்கும்.  இலங்கைக்குப் போன அமைதிப் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அந்தப் பதக்கம் அவர் மனைவியிடம் போனது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். இறந்தவர், அவரைச் சுட்டவர், நாட்டின் தலைமை இருக்கையில் இருந்தவர், எல்லாரும் தமிழர்கள்.

பதக்கம் வந்த வீட்டுக்கு வெளியே தமிழ்நாடு என்ன செய்தது? பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப் படையின் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று அதற்குக் கைதட்டியவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகள் பொய்யில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை என்பதும் பொய்யில்லை. முடிவெடுத்தவர்கள் கொழும்பிலும் தில்லியிலும் இருந்தார்கள். காரியம் செய்தவை கிராமத்து வீடுகள். நடுகல் நட்டுப் பெயர் எழுதும் பழக்கம் நமக்கு இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. ஆனால் அந்தக் கற்கள் பெரும்பாலும் ஊர் ஒப்புக்கொண்ட சண்டைகளுக்கு நட்டவை. ஊர் ஒப்புக்கொள்ளாத போரில் இறந்தவனை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டோம். சென்னை அரும்பாக்கத்தில் இராணுவக் குடியிருப்பு ஒன்றுக்குப் பரமேஸ்வரன் விஹார் என்று பெயர். பயிற்சி நிலையத்தில் அவர் நினைவு காக்கப்படுகிறது. இவை இராணுவம் தன் ஆளுக்குச் செய்தவை.

இந்தப் பதக்கக்காரர்களின் பெயர்கள் அந்தமான் தீவுகளுக்கு வருவதற்கு முன்பே ஒரு முறை கடலுக்குப் போயிருக்கின்றன. 1984, 85 வாக்கில் இந்தியக் கப்பல் கழகம் அதுவரை விருது பெற்ற 15 பேரின் பெயரையும் 15 கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்கு வைத்தது. கால் நூற்றாண்டு எண்ணெய் சுமந்துவிட்டு அவை உடைக்கும் துறைக்குப் போயின. அப்போது பரமேஸ்வரன் உயிரோடு இருந்ததால் அவருக்குக் கப்பல் இல்லை.

அவர் பெயர் கடலுக்கு வந்தது 2023 ஜனவரி 23 அன்று, நேதாஜி பிறந்தநாளில். அந்தமானில் அதுவரை பெயரில்லாத பெரிய தீவுகள் 21க்கு 21 பேரின் பெயரையும் சூட்டினார்கள். எல்லாவற்றிலும் பெரியது முதல் விருதாளர் சோம்நாத் சர்மாவுக்கு. அந்த வரிசையிலேயே மற்றவர்களுக்கு. 16 தீவுகள் வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தில். மீதி 5 தெற்கு அந்தமானில். குடியிருப்பு கிடையாது. காடும் சதுப்புமாகக் கிடக்கும் நிலத்துண்டுகள்.

அந்தமானில் போர்க்காரர் பெயர் வைப்பது பழைய வழக்கம்தான். டெலானிபூரிலிருந்து கப்பல்துறைக்கு இறங்கி ஏறும் சுற்றுலாப் பயணிகள் முன்பு ஹேவ்லாக், நீல் என்று கேட்டுச் சீட்டு வாங்குவார்கள். இருவரும் 1857 எழுச்சியை அடக்கிய பிரிட்டிஷ் தளபதிகள். பக்கத்திலேயே அவுட்ராம், நிக்கல்சன், லாரன்ஸ் என்று அதே கூட்டம். நீல் நமக்கு இன்னும் நெருக்கம்: மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தளபதி, அலகாபாத்திலும் கான்பூரிலும் ஊரையே தூக்கில் போட்டவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை அகற்றச் சொல்லிப் போராட்டம். 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. தீவுக்கு அவர் பெயர் 2018 டிசம்பரில் மாற்றும்வரை இருந்தது. அரசியல் விளம்பரம் என்று பெயர் மாற்றத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பழைய வரிசையில் இருந்தவர்கள் தளபதிகளும் ஆளுநர்களும். புது வரிசையில் நாயக், லான்ஸ் நாயக், ஹவில்தார், கிரெனேடியர் இருக்கிறார்கள். இதை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன்.

அதிலும் ஆல்பர்ட் எக்கா. சோட்டா நாக்பூரின் ஒராவோன் பழங்குடி. 1918இலிருந்தே அந்தப் பகுதி ஆதிவாசிகளைக் காடு வெட்டவும் சாலை போடவும் அந்தமானுக்குக் கூட்டி வந்தார்கள். இன்றும் தீவில் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். காட்டைத் திருத்தியவர்களின் இனத்தான் ஒருவன் பெயரில் இப்போது ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவுகளின் முதல் குடிகளான அந்தமானியர், ஜாரவா, ஓங்கி மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயரில்லாத் தீவு என்பது வரைபடத்தின் கணக்கு.

தமிழர் கணக்கும் இங்கே சிக்கலானது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றில் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். டெலானிபூர்ப் பக்கம் நடந்தால் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் கலந்த பேச்சுக்கு நடுவே நம் பேச்சும் காதில் விழும். இவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். எல்லாரும் அல்ல. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வர நேர்ந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றினார்கள். கொழும்பும் தில்லியும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் அவர்களை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது. இன்னோர் ஒப்பந்தம் பரமேஸ்வரனைக் கந்தரோடைக்குக் கொண்டுபோனது. இரண்டு தடவையும் தமிழரைக் கேட்டு எழுதவில்லை.

அதனால் இந்தத் தீவின் தமிழ் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அந்த 21 பெயரும் அறிவிப்புப் பலகையிலும் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்திலும் தேங்கிவிட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் ஊரையும் பதவியையும், பதக்கத்தை வாங்கிக்கொண்டது யார் என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பரமேஸ்வரன் பெயர் வரும்போது கந்தரோடையையும் சொல்லுங்கள், அங்கே மறுபக்கம் இறந்த ஐந்து பேரின் வீடுகளுக்கு எந்த அரசின் பதக்கமும் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள்.